ரயிலுக்குப் போக ஓர் ஊர் வேண்டும்: மாதிரி ரயில் அமைப்பை விரிப்பதும் அதில் நுணுக்கம் சேர்ப்பதும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். எச்.ஓ. அளவில் (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு), 240 செ.மீ. நீளம், 120 செ.மீ. அகலம் கொண்ட பலகையில் ஒரு நீள்வட்டப் பாதை இருக்கிறது. ஒரு லூப் (பிரிந்து போய் மீண்டும் சேரும் இணைபாதை), இரண்டு சைடிங் (பெட்டிகள் நிற்கும் பக்கப்பாதை), விரித்து ஒட்டிய புல்பாய், பெட்டியில் வாங்கிப் பொருத்திய நான்கைந்து கட்டடங்கள். பலகையின் குறுகிய பக்கம் ஒன்று சுவரைத் தொடுகிறது. மற்ற மூன்று பக்கமும் நடக்கலாம். இப்போது அந்தச் சுவரோரமாகவே மூன்றரை மீட்டர் நீளமும் 45 செ.மீ. அகலமும் கிடைத்திருக்கின்றன. பழையதைப் பிரிக்காமல் விரிக்க முடியுமா, டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்கு இப்போதே மாற வேண்டுமா, பார்த்தவுடன் பொம்மை என்று தோன்றுவதை எப்படிப் போக்குவது, எந்த மூலையிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். பழையதைப் பிரிக்கவே வேண்டாம். இந்தக் கலையின் பெரிய முன்னோடிகளில் ஒருவரான ஜான் ஆலன் 1940களில் கட்டிய முதல் அமைப்பு ஏறத்தாழ 2 மீட்டர் நீளமும் 1.1 மீட்டர் அகலமும் கொண்டது, உங்களுடையதைவிடச் சிறியது. பின்னாளில் கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் தம் வீட்டுக் கீழ்த்தளம் முழுவதும் பரவிய பேரமைப்பைக் கட்டியபோது அந்தச் சின்னப் பலகையை அவர் தூக்கி எறியவில்லை. மலைகளுக்கு நடுவே அதுவும் ஒரு பகுதியாக உட்கார்ந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001-இல் திறக்கப்பட்ட மினியாட்டூர் வுண்டர்லாண்ட் என்ற மாபெரும் மாதிரி ரயில் காட்சியகம் இன்றைய அளவுக்கு வளர்ந்ததும் பகுதி பகுதியாகத்தான். முதலில் கட்டிய பலகை சரியாக இணைக்கப்பட்டால் கடைசிவரை உழைக்கும்.

ஆனால் எதை விரிக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். பெரும்பாலோர் புதிய பலகை கிடைத்ததும் அதில் எத்தனை பாயிண்ட் (பாதை இரண்டாகப் பிரியும் இடம்), எத்தனை சைடிங் போடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். பலகை முழுக்கத் தண்டவாளம் நிரம்பிவிடும், ரயில் மட்டும் அதே இடத்தைத்தான் சுற்றிக்கொண்டிருக்கும். நீள்வட்டத்தின் குறை அதன் நீளத்தில் இல்லை. புறப்பட்ட ரயில் கண்ணை விட்டு மறைவதே இல்லை என்பதுதான் அதன் குறை. எங்கிருந்தோ வந்து, நின்று, எங்கோ போகிறது என்ற நம்பிக்கை வந்தால்தான் அது ரயில். எனவே கிடைத்த இடத்தைக் கொண்டு தூரத்தை உண்டாக்குங்கள். பாதையில் தூரம், காட்சியில் தூரம் இரண்டும் வேண்டும். நுணுக்க வேலையும் இதே நோக்கத்துக்குத்தான் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் அறைக்கு நான் சொல்லும் திட்டம் இது. பழைய பலகையின் நடுவே, நீளவாக்கில், ஒரு பின்னணித் திரையை நிறுத்துங்கள். 3 மி.மீ. ஹார்டுபோர்டு போதும், பலகையிலிருந்து 35 முதல் 40 செ.மீ. உயரம் இருக்கட்டும். பலகை இரண்டாகப் பிரிந்துவிடும். நடைபாதையில் நிற்பவருக்கு ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே தெரியும். முன்பக்கம் ஏற்கெனவே இருக்கும் லூப், அமைதியான ஒரு கிராம நிலையமாக மாறும். பின்பக்கத்தில் நிலக்காட்சி எதுவும் வேண்டாம். மூன்று நான்கு இணைபாதைகள் மட்டும் போடுங்கள். ரயில்கள் காத்திருக்கும் இடம் அது. முன்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அதுதான் 'வெளியுலகம்'. அமைப்பில் காட்டப்படாத எல்லா ஊர்களும் அந்த நான்கு பாதைகளுக்குள் அடங்கிவிடும். சுவரோரப் புதிய பலகையில் வழி முடியும் நிலையம் ஒன்றும், அதையொட்டிச் சரக்குக் கொட்டகையும், இன்ஜின் நிற்கும் இடமும் வரட்டும். அங்கிருந்து கிளம்பும் ரயில் முன்பக்க நேர்ப்பாதையில் சேர்ந்து, கிராமத்தைக் கடந்து, முனையில் திரும்பித் திரைக்குப் பின்னால் மறைந்துவிடும். சும்மா ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று தோன்றும் நாளில் நீள்வட்டம் அப்படியே இருக்கிறது.

மறைவான காத்திருப்புப் பாதைகளுக்கு இடம் கொடுக்க மனம் வராது என்பதை அறிவேன். அந்த இடத்தில் ஒரு ஊரையே வைக்கலாமே என்று தோன்றும். இருந்தாலும் விரிவாக்கத்தில் முதலில் கட்ட வேண்டியது அதைத்தான் என்று உறுதியாகச் சொல்கிறேன். 1940களில் ஃபிராங்க் எல்லிசன் என்பவர் மாதிரி ரயில் அமைப்பை நாடக மேடையோடு ஒப்பிட்டு எழுதினார். ரயில்கள் நடிகர்கள் என்றால், அவர்கள் தம் முறை வரும்வரை நிற்க மேடைக்கு வெளியே ஓர் இடம் வேண்டும். அது இல்லாவிட்டால் எல்லா நடிகர்களும் எப்போதும் மேடையிலேயே நிற்க வேண்டிவரும்.

கிளைப்பாதையை நீள்வட்டத்தோடு சேர்ப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே ஒரு பாயிண்ட் வழியாகப் பிரிந்தால் மின்சாரத்தில் சிக்கல் இல்லை. திரைக்குப் பின்னால் போன ரயில் நிலையத்துக்குத் திரும்பி வர, காத்திருப்புப் பாதையில் இன்ஜினை மறுமுனைக்கு மாற்றிக்கொண்டால் போதும். இரு பக்கமும் ஓட்டும் வசதியுள்ள ரயில்கார் என்றால் அதுவும் வேண்டாம். ஆனால் நீள்வட்டத்தின் இரு பக்கங்களிலிருந்தும் கிளைக்கு வழி வைத்தால், சுற்றி வந்த ரயில் முகம் திருப்பாமலே நிலையத்துக்குள் நுழையும். பார்க்க மிக அழகாக இருக்கும். கூடவே இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தோடு போய்ச் சேர்ந்து ஷார்ட் ஆகும். அப்போது வளையத்தின் ஒரு பகுதியை இரு முனைகளிலும், இரண்டு தண்டவாளங்களிலும் வெட்டித் தனிமைப்படுத்தி, துருவத்தைத் தானே மாற்றும் கருவியோடு இணைக்க வேண்டும். அந்தப் பகுதி உங்களிடம் உள்ள மிக நீளமான ரயிலைவிட நீளமாக இருக்க வேண்டும். முதல் கட்டத்தில் ஒற்றை இணைப்போடு நிறுத்திக்கொண்டு, இரண்டாவது பாயிண்ட்டுக்கு இடம் மட்டும் விட்டுவைப்பது நல்லது.

வளைவைப் பற்றிக் கறாராக இருங்கள். 120 செ.மீ. பலகையில் ஓரத்துக்கு இடம் விட்டால் வளைவின் ஆரம் 55 செ.மீ.க்கு மேல் போகாது. நம்பகமாக ஓட ஆரம் மிக நீளமான பெட்டியின் நீளத்தைப்போல மூன்று மடங்காவது வேண்டும் என்பது பழகியவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. நிஜத்தில் 24 மீட்டர் உள்ள பயணிகள் பெட்டி 1:87 அளவில் 276 மி.மீ.; மூன்று மடங்கு என்றால் 83 செ.மீ. உங்கள் 55 செ.மீ. வளைவிலும் அந்தப் பெட்டி ஓடலாம், ஆனால் அதன் மூலைகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. சிறிய பெட்டிகளைத் தேர்ந்தெடுப்பது ஒன்று. வளைவை மறைப்பது இன்னொன்று. வளைவை உட்பக்கமிருந்து பார்த்தால் இயல்பாகத் தெரியும். வெளிப்பக்கமிருந்து பார்க்கும்போதுதான் அவலட்சணம். பலகையின் முனையில் நாம் நிற்பது வெளிப்பக்கம். ஆகவே அந்த முனைக்கு ஒரு குன்றும் சுரங்கமும் கொடுங்கள். அங்கே திரையின் முடிவும் குன்றுக்குள் மறைந்துவிடும். சுரங்கத்தின் பின்புறம் கை நுழைய ஒரு திறப்பு கட்டாயம் வேண்டும். ரயில் தடம் புரளும் இடம் எப்போதும் கை எட்டாத இடமாகவே அமையும்.

புதிய பலகைக்குத் திரும்பும் 90 பாகை வளைவு 45 செ.மீ. அகலத்துக்குள் அடங்காது. மூலையில் ஒரு முக்கோணத் துண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலையப் பகுதியில் நடைமேடை ஓரத்தில் வளைவும், உடனே எதிர்வளைவும் வராமல் பாருங்கள். தவிர்க்க முடியாவிட்டால் இரண்டுக்கும் நடுவே ஒரு பெட்டி நீளத்துக்காவது நேர்ப்பாதை இருக்கட்டும். புதிய பாதையை மேலே தூக்கிப் பழையதைக் கடக்க வைக்கும் ஆசையும் வரும். 8 செ.மீ. உயர, 2 சதவீத ஏற்றத்தில் 4 மீட்டர் வேண்டும்; அதற்கு மேல் ஏற்றம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மெதுவான வளைவுக்கு இடம் வேண்டும். உங்களிடம் அது இல்லை. பாதை மட்டமாக இருக்கட்டும், நிலத்தை ஏற்றி இறக்குங்கள். பாதைக்குக் கீழே விழும் ஓர் ஓடையும், பாதைக்கு மேலே எழும் ஒரு மேடும் கொடுக்கும் உயர உணர்வை ஏற்றப்பாதை கொடுப்பதில்லை.

இனி இணைப்பு. இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் இரண்டுமுறை படிப்பீர்கள் என்றால் அது இந்தப் பத்தியாக இருக்கட்டும். பழைய பலகையும் புதிய பலகையும் சேரும் கோடுதான் முழு அமைப்பின் நம்பகத்தன்மையைத் தீர்மானிக்கிறது. உலோகம் வெப்பத்தில் நீள்வதைப் பற்றிப் பலரும் கவலைப்படுவார்கள். 10 மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 20 பாகை வெப்பமாற்றத்துக்கு மூன்று, மூன்றரை மில்லிமீட்டர்தான் நீளும். மரம் செய்வது அதைவிட மோசம். காற்றில் ஈரம் ஏறும்போது அகலவாக்கில் ஊதி, காயும்போது சுருங்கும். வறண்ட மாதம் ஒன்றில் இரண்டு பலகைகளின் குறுக்கே தண்டவாளத்தை இடைவெளி விடாமல் பற்றவைத்து முடித்திருந்தேன். ஈரக்காற்று வந்த வாரத்தில் இணைப்பின் இருபுறமும் பாதை பாம்புபோல நெளிந்து நின்றது. அதற்குப் பிறகு ஒரே முறையைத்தான் பின்பற்றுகிறேன். இரண்டு சட்டங்களையும் முதலில் கிளாம்பால் இறுக்கி, இரண்டிலும் சேர்த்துத் துளையிட்டு, பித்தளை முளைகளை ஒரு பக்கமும் அவை உட்காரும் குழிகளை மறுபக்கமும் பொருத்துவேன். பிறகு போல்ட். முளைதான் இடத்தைச் சரியாக நிறுத்துகிறது, போல்ட் இறுக்கிப் பிடிக்க மட்டுமே. அதன்பின் கோட்டின் இருபுறமும், ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் நேர் கீழே ஒரு பித்தளைத் திருகை இறக்கி, அதன் தலை தண்டவாளத்தின் அடியைத் தொடும்வரை சரிசெய்வேன். பாதையைக் கோட்டின் குறுக்கே ஒரே துண்டாகப் போட்டு, திருகுகளோடு சால்டர் வைத்து, ஆறியபின் மெல்லிய வெட்டுச்சக்கரத்தால் கோட்டின் மேல் சரியாக அறுப்பேன். முதலில் போட்டுவிட்டுப் பிறகு அறுப்பதால் இரு முனைகளும் மயிரிழை பிசகாமல் நேராக நிற்கும். பாதை அந்தக் கோட்டை முடிந்தவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும். வளைவோ பாயிண்ட்டோ அதன்மேல் வரவே கூடாது.

பழைய தண்டவாளமும் புதியதும் ஒரே உயரம்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தண்டவாள உயரத்தைக் குறிக்கும் ஆங்கிலக் குறியீட்டில் (code) 'கோடு 100' என்பது 2.54 மி.மீ. உயரம், 'கோடு 83' என்பது 2.1 மி.மீ. இரண்டும் சேரும் இடத்தில் அதற்கென்றே விற்கும் இணைப்பிகளைப் போடுங்கள், அல்லது உயரம் குறைந்த பக்கத்தின் அடியில் மெல்லிய தகடு கொடுத்து மேல்முகத்தைச் சமமாக்குங்கள். விரலை ஓட்டிப் பார்த்தால் தடை எதுவும் தெரியக் கூடாது.

சட்டத்துக்கு 9 அல்லது 12 மி.மீ. நல்ல பிளைவுட்டை நீளப்பட்டைகளாக அறுத்து 'எல்' வடிவில் ஒட்டித் திருகினால் மூன்றரை மீட்டருக்கும் தொய்யாது. லின் வெஸ்ட்காட் 1960களில் பரப்பிய 'எல்-கர்டர்' முறையின் அடிப்படை இதுவே. அதில் இன்னொரு வசதி, குறுக்குச் சட்டங்களைக் கீழிருந்தே திருகுவதால் நிலக்காட்சி முடிந்த பிறகும் ஒன்றைக் கழற்றி நகர்த்தலாம்.

டிஜிட்டலுக்கு மாறுவதா என்ற கேள்விக்கு என் பதில் ஆம், இப்போதே. காரணம் ஒலியோ விளக்கோ அல்ல. புதிய நிலையத்தில் ஓர் இன்ஜின் பெட்டிகளைச் சேர்த்துப் பிரித்து ஷண்டிங் செய்யும்போதே முன்பக்கத்தில் இன்னொரு ரயில் போக வேண்டும். பழைய நேர்மின் முறையில் அதற்குப் பாதையைப் பல துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் சுவிட்ச் வைக்க வேண்டும். எப்படியும் பலகைக்கு அடியில் படுத்துக் கம்பி இழுக்கப்போகிறீர்கள். அதை ஒருமுறை செய்வதே மேல். உங்கள் பழைய இன்ஜின்கள் ஒவ்வொன்றுக்கும் டிகோடர் (தனக்கு வரும் கட்டளையை மட்டும் ஏற்று இன்ஜினை இயக்கும் சிறு மின்சுற்று) பொருத்த வேண்டியிருக்கும், அதைக் கணக்கில் கொள்ளுங்கள். டி.சி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த டிஜிட்டல் முறை யாரோ ஒரு நிறுவனத்தின் பூட்டு அல்ல. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையைத் தழுவி, 1935-இல் தொடங்கிய அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் பொதுத் தரமாக வெளியிட்டது. எனவே ஒரு தயாரிப்பாளரின் கட்டுப்பாட்டுப் பெட்டி இன்னொருவரின் டிகோடரோடு பேசும்.

கம்பி வேலையில் கஞ்சத்தனம் கூடாது. 2.5 சதுர மி.மீ. செப்புக்கம்பி இரண்டு, இரு வேறு நிறங்களில், அமைப்பின் அடியில் முதுகெலும்புபோல ஓடட்டும். பழைய பலகைக்கும் அதே கம்பி நீள வேண்டும். அதிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் மெல்லிய கிளைக்கம்பி, ஒரு சாணுக்கு மேல் நீளாமல் போகட்டும். தண்டவாள இணைப்பிகளை மின்சாரத்துக்கு நம்பாதீர்கள். இரண்டாண்டில் அவை தளர்ந்து கருத்துவிடும். வேலை முடிந்ததும் ஒரு நாணயத்தை எடுத்து, இரண்டு தண்டவாளங்களையும் தொடும்படி அமைப்பின் பல இடங்களில் வைத்துப் பாருங்கள். எங்கே வைத்தாலும் கட்டுப்பாட்டுப் பெட்டி உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். ஓரிடத்தில் துண்டிக்காமல் போனால் அங்கே கம்பி போதவில்லை என்று பொருள். உண்மையான ஷார்ட் நேரும் நாளில் அந்த இடத்தில்தான் இன்ஜினின் சக்கரத் தொகுதி உருகும்.

இதுவரை செய்ததும், ஒரு மாதம் வெறும் பலகையிலேயே ரயில் ஓட்டுங்கள். ஜல்லி வேண்டாம், புல் வேண்டாம். தடம் புரளும் இடத்திலெல்லாம் ஒரு காகித நாடாத் துண்டு ஒட்டுங்கள். மாத முடிவில் நாடாக்கள் குவிந்திருக்கும் இடங்களைச் சரிசெய்யுங்கள். பசை ஊற்றிய பிறகு பாதையைத் திருத்துவது எவ்வளவு மனவருத்தம் தரும் வேலை என்பதைச் செய்தவர்களே அறிவார்கள்.

இப்போது நுணுக்கத்துக்கு வருகிறேன். இந்த இடத்தில்தான் எனக்கு ஆசை அதிகம்.

பொம்மைத் தோற்றத்துக்கு முதல் காரணம் பளபளப்பு. நிஜ உலகை 87 மடங்கு சுருக்கினால் எந்தப் பரப்பும் மினுங்குவதில்லை. எனவே எதையும் புதிதாக வாங்கும் முன், இருக்கும் கட்டடங்கள், சரக்குப் பெட்டிகள், பாலம், வேலி எல்லாவற்றுக்கும் ஒளி மங்கச்செய்யும் மேட் வார்னிஷ் அடியுங்கள். கண்ணாடி சன்னல்களை மட்டும் மூடிவிடுங்கள். ஒரு மாலைப்பொழுதின் வேலை இது. பாதி மாற்றம் இதிலேயே வந்துவிடும். பிறகு நீர்த்த பழுப்புச்சாம்பல் வண்ணத்தைக் கட்டடங்களின் மேல் ஓடவிட்டால் செங்கல் இடுக்குகளில் போய் உறையும். காய்ந்தபின், தூரிகையில் வெளிர் நிறத்தைத் தொட்டு, காகிதத்தில் துடைத்துவிட்டு, மீதியைப் புடைப்புகளின் மேல் மெல்ல இழுங்கள். கருப்பு நிறத்தை அப்படியே எங்கும் பூசாதீர்கள். கூரையோ புகைபோக்கியோ தார்ச்சாலையோ, தூரத்திலிருந்து பார்க்கும்போது எல்லாமே சாம்பல்தான்.

இரண்டாவது காரணம், கட்டடங்கள் தரையின்மேல் வைக்கப்பட்டிருப்பது. நிஜ வீடு நிலத்துக்குள்ளிருந்து எழுகிறது. அடித்தளத்துக்கும் புல்பாய்க்கும் நடுவே தெரியும் அந்த மெல்லிய கருங்கோடு எல்லா உழைப்பையும் கெடுத்துவிடும். கட்டடத்தின் அடியை 2 மி.மீ. தரைக்குள் இறக்குங்கள், அல்லது சுற்றிலும் மண்ணை உயர்த்துங்கள். சுவரோரம் களை முளைக்கட்டும், சுவரின் கீழ்ப்பகுதியில் மழை தெறித்த மண்கறை இருக்கட்டும்.

புல்பாயை உரித்துவிடுங்கள். இதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஒரே உயரம், ஒரே பச்சை கொண்ட நிலம் எங்கும் கிடையாது. சலித்து வெயிலில் காயவைத்த உண்மையான மண்ணை முதல் அடுக்காகப் போடுங்கள். அதில் இரும்புத்துகள் இருந்தால் காந்தத்தால் முழுவதும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது மோட்டார்களுக்குள் போய்விடும். மண்ணின்மேல் நிலைமின்சாரக் கருவியால் 2 மி.மீ. புல்லிழைகளை அங்கங்கே போடுங்கள். காய்ந்தபின் 4 மி.மீ., அதன்மேல் ஓரங்களில் மட்டும் 6 மி.மீ. ஒவ்வொரு அடுக்கிலும் வைக்கோல் நிறமும் பழுப்பும் கலக்கட்டும். ஆங்காங்கே மண் வெறுமனே தெரிய வேண்டும். மக்கள் குறுக்குவழியாக நடந்து தேய்த்த ஒற்றையடிப் பாதை, வாகனம் திரும்பி வெளுத்த மூலை, தண்ணீர் தேங்கிக் கருத்த பள்ளம் ஆகிய மூன்று இடங்களில் புல் இல்லாமல் போனாலே நிலத்துக்கு ஒரு வரலாறு வந்துவிடும்.

தண்டவாளத்தையே ஒரு மாதிரிப் பொருளாகப் பாருங்கள். அமைப்பு முழுவதும் ஓடும் மிகப்பெரிய நுணுக்கம் அதுதான், பலர் அதை வாங்கிய நிறத்திலேயே விட்டுவிடுகிறார்கள். பக்கவாட்டில் துருப்பழுப்பு அடித்து, மேல்முகத்தை உடனே துடைத்துவிடுங்கள். முதன்மைப் பாதையின் தலை பளிச்சென்று இருக்கட்டும். எப்போதோ ஒரு பெட்டி நிற்கும் சைடிங்கில் அது மங்கலாக இருக்கட்டும். மின்சாரம் போக வேண்டும் என்பதால் அங்கே முழுத்துரு பூசாமல், பக்கங்களை மட்டும் இன்னும் அடர்த்தியாகச் செய்யலாம். சைடிங்கை முதன்மைப் பாதையைவிட 2 அல்லது 3 மி.மீ. தாழ்த்துங்கள். முதன்மைப் பாதைக்குக் கார்க் அடிப்படை கொடுத்து, சைடிங்கை நேராகப் பலகையில் போட்டால் அந்தத் தாழ்வு தானே வரும். இரண்டுக்கும் நடுவே ஒரு பெட்டி நீளத்துக்கு மேல் சரிவு கொடுத்தால் போதும். முதன்மைப் பாதையில் சுத்தமான ஜல்லி, சைடிங்கில் மண்ணும் சாம்பலும் கலந்த பொடி, ஸ்லீப்பர்களுக்கு (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளுக்கு) நடுவே களை. இதை மட்டும் செய்தால், எது முக்கியமான பாதை என்று யாரும் சொல்லாமலே பார்ப்பவருக்குத் தெரியும்.

ஜல்லி போடும்போது முதலில் உலர்ந்த நிலையில் மென்தூரிகையால் முழுவதும் ஒழுங்குபடுத்திவிடுங்கள். ஸ்லீப்பரின் மேல் ஒரு கல்லும் இருக்கக் கூடாது. பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மேலிருந்து மெல்லிய தூவலாகத் தெளித்து நன்கு நனைத்து, சமஅளவு நீர் கலந்த வெள்ளைப் பசையைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நனைக்காமல் பசையை விட்டால் அது உருண்டையாகத் திரண்டு ஜல்லியைக் குழிக்கும். பாயிண்ட்டின் அசையும் நாக்குகளுக்கு அருகே மட்டும் பசை போகவே கூடாது. ஜல்லி விஷயத்தில் விரிவாக்கம் செய்பவர்களுக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. புதிய மூட்டையின் நிறம் பழையதோடு ஒத்துப்போகாது. ஒத்துப்போக வைக்க முயலவும் வேண்டாம். இணைப்பின் இருபுறமும் ஒரு மீட்டருக்குப் பழையதையும் புதியதையும் கலந்து போட்டு, கலவை விகிதத்தை மெல்ல மாற்றிக்கொண்டே போங்கள். இன்ஜின் நின்று கிளம்பும் இடத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே எண்ணெய்க்கறை விழட்டும். அது நிறமாற்றத்தையும் விழுங்கிவிடும்.

அளவைக் கண்ணால் மதிப்பிடாமல் கணக்கால் பாருங்கள். 1.7 மீட்டர் மனிதர் எச்.ஓ.வில் 19.5 மி.மீ. ஆனால் 20 மீட்டர் மரம் 23 செ.மீ.! கடையில் கிடைக்கும் மரங்களில் பெரும்பாலானவை அதில் பாதிகூட இல்லை. முன்புறத்தில் இரண்டே இரண்டு மரங்களையாவது உண்மையான உயரத்தில் செய்து நிறுத்துங்கள். ரயில் அதன் நிழலில் போகும்போது ரயிலே பெரிதாகத் தெரியும். கையில் இருக்கும் சிறிய மரங்களைப் பின்னால் தள்ளுங்கள். திரையை நெருங்க நெருங்க மரம் சிறுத்து, பச்சை வெளுத்து, இலை நுண்மை குறைய வேண்டும். தூரத்துக் காடு நீலச்சாம்பலாகத் தெரிவது காற்றும் அதில் உள்ள ஈரமும் தூசியும் இடையில் நிற்பதால். அந்த வெளுப்பைக் கொடுத்தால் 15 செ.மீ. அகலம் ஒரு கிலோமீட்டராகத் தோன்றும். திரையின் வானம் அடியில் வெளிறி மேலே நீலமாகட்டும். சாலை திரையைச் செங்குத்தாக முட்டி நின்றால் கண் ஏமாறாது. அது ஒரு கட்டடத்தின் பின்னாலோ மேட்டின் பின்னாலோ வளைந்து மறையட்டும். ஜான் ஆலன் இத்தகைய இடங்களில் கண்ணாடியை மறைத்துவைத்துக் காட்சியை இரட்டிப்பாக்குவதில் தேர்ந்தவர். பாலத்தின் அடியில், பார்ப்பவரின் முகம் தெரியாத கோணத்தில் ஒரு சிறு கண்ணாடி வைத்தால் தெரு நீண்டுகொண்டே போகும்.

மனித உருவங்களில் ஓடுபவர், குதிப்பவர், கையசைப்பவர் வேண்டாம். பத்து நொடி பார்த்தால் அவர்கள் உறைந்துபோயிருப்பது தெரிந்துவிடும். உட்கார்ந்திருப்பவர், தூணில் சாய்ந்திருப்பவர், பெட்டியின்மேல் கைவைத்துக் காத்திருப்பவர் ஆகியோர் அசையாததில் வியப்பில்லை. நடைமேடையில் சம இடைவெளியில் நிறுத்தாமல், நால்வர் கூட்டமாக, ஒருவர் தனியாக என்று வையுங்கள்.

நுணுக்கங்களை எல்லா இடத்திலும் தூவாதீர்கள். கண் எங்கே தங்குமோ அங்கே செறிவாகவும், மற்ற இடங்களில் வயல்போல வெறுமையாகவும் இருக்கட்டும். உங்கள் திட்டத்தில் கண் தங்கும் இடங்கள் மூன்று: கிராம நிலையம், ஓடைப் பாலம், புதிய நிலையத்தின் சரக்குக் கொட்டகை. கொட்டகைக்கு அருகே மாற்றி எடுத்த பழைய ஸ்லீப்பர்களின் குவியல், ஒரு தண்டவாளத் துண்டு, கதவு திறந்த பெட்டியின் எதிரே மூட்டைகள், சுவரில் சாய்ந்த கைவண்டி. இவற்றுக்கு ஒன்றோடொன்று தொடர்பு இருக்கிறது. தொடர்பில்லாத பத்துப் பொருள்களைவிட இவை அதிகம் பேசும். ஓடைக்குத் தண்ணீர் வேண்டுமென்றால், அடியை நடுவில் கரும்பழுப்பும் ஓரத்தில் மண்நிறமுமாகத் தீட்டி, ஊற்றியபின் இறுகும் ரெசினை 3 மி.மீ.க்கு மேற்படாத அடுக்குகளாக ஊற்றுங்கள். நீலம் கலக்காதீர்கள். ஊற்றும் முன் அடியிலுள்ள ஒவ்வொரு துளையையும் அடையுங்கள். ரெசின் ஊசிமுனை ஓட்டையையும் கண்டுபிடித்து இறங்கும்.

ஒளியை மறந்துவிட வேண்டாம். பழைய பலகைக்கு மேலே மஞ்சள் விளக்கும், புதியதற்கு மேலே வெள்ளை விளக்கும் இருந்தால் ஒரே டப்பா வண்ணம்கூட இரண்டு நிறமாகத் தெரியும். இரண்டுக்கும் ஒரே வகை எல்.இ.டி. பட்டை, 4000 முதல் 5000 கெல்வின், நிறத்தைச் சரியாகக் காட்டும் அளவெண் 90-க்கு மேல் உள்ளதாகப் பார்த்து மாட்டுங்கள். அதை முதலில் மாட்டிவிட்டு, அந்த வெளிச்சத்திலேயே வண்ணம் தீட்டுங்கள்.

எந்த மூலையிலிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். கிராம நிலையத்தின் முன்னால், பலகை ஓரத்தில், 60 செ.மீ. நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டவாள வண்ணம், ஜல்லி, புல், வேலி, மனிதர் வரை அங்கே எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். மற்ற இடம் வெறும் மரமாக இருந்தாலும் கவலை இல்லை. அந்த 60 செ.மீ.தான் உங்களுக்கு அளவுகோல். எந்தப் பழுப்பு, எத்தனை அடுக்குப் புல் என்பதை அங்கே எழுதி வைத்துக்கொண்டால், ஆறு மாதம் கழித்துப் புதிய பலகையில் வேலை செய்யும்போதும் அதே நிலம் வரும். அங்கிருந்து இருபுறமும் நகருங்கள். இரண்டு பலகைகளின் இணைப்புக் கோட்டைக் கடைசியில் மூடுங்கள். அதன்மேல் எதையும் ஊற்றி ஒட்டாமல், மெல்லிய துணியில் தனியாகச் செய்த ஒரு புதர்வேலியை எடுத்து வைக்கும்படி வையுங்கள். போல்ட்டைக் கழற்ற வேண்டிய நாளில் அதைக் கையால் தூக்கிவிடலாம்.